ஆண்டு மலர் போட்டோஷூட்: நடுமடிப்பில் தொலையும் முகங்கள்

பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆண்டு மலருக்குத் தீம் வைத்துப் படம் எடுக்கக் கிளம்பும் பிளஸ் டூ பிள்ளைகளும் புதிய போட்டோகிராபர்களும், ஒரு காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். அதைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான ஆளை நடுவில் நிறுத்துவது

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் போட்டால் கம்பீரமாக இருக்கும். தீம் படம் என்றாலே அந்த ஆசை வந்துவிடும். ரயில் நிலையம் என்றால் பச்சைக்கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டர் நடுவில், கிரிக்கெட் என்றால் கோப்பையோடு கேப்டன் நடுவில். புத்தகமாகும்போது அந்த நடுதான் மடிப்பு.

ஒரு பள்ளியில் மைதானத்திலேயே ரயில் நிலையம் போட்டார்கள். தெர்மாகோலில் மஞ்சள் பெயர்ப்பலகை, வீடுகளிலிருந்து வந்த டிரங்குப் பெட்டிகள், அருமையான உழைப்பு. கொடி பிடித்த பெண் சரியாக நடுவில் நின்றாள். புத்தகம் வந்த அன்று அவள் அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். ஒரு கண்ணும் பாதி மூக்கும் பைண்டிங்குக்குள் போயிருந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் கம் விட்டு, தாள் கையோடு வந்துவிட்டது.

பக்கத்தில் படங்களை அமைத்து லேஅவுட் செய்தவர் பார்த்திருக்க வேண்டும் என்றார் போட்டோகிராபர். வந்த படமே அப்படித்தான் என்றார் லேஅவுட்காரர். அச்சுக்கு முன் சரிபார்க்கத் தந்த ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டது பள்ளிதானே என்றது பிரஸ். மறுபடி அச்சடிக்கப் பணமில்லை. இன்றும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் படம் எடுக்கும்போது அந்தப் பெண்ணை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் போதும்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? ப்ரூஃபை எல்லோரும் பிடிஎஃபாகத் திரையில் பார்க்கிறார்கள். அங்கே பக்கங்கள் தட்டையாக இருக்கும், மடிப்பே தெரியாது. முதுகில் கம் ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் புத்தகம் முழுதாக விரியாது. சென்டர் பின் அடித்த புத்தகத்திலும் நட்டநடு விரிப்பு மட்டும்தான் ஒரே தாள். மற்ற எல்லா விரிப்பிலும் இடதும் வலதும் வேறு வேறு தாள்கள். முகம் ஒரு நூல் ஏறி இறங்கினாலும் கண்ணை உறுத்தும்.

ஓரங்களிலும் ஆபத்து உண்டு. இரண்டு ஏ4 பக்கம் சேர்ந்தால் 420க்கு 297 மில்லிமீட்டர். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராப் படம் 3:2 விகிதம், அதைவிட நீளம். பக்கம் முழுக்க நிரப்பி, கட்டிங்கில் வெட்டிப்போகும் ஓரமாகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடும் விட்டால், இரண்டு ஓரத்திலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். வரிசைக் கடைசியில் நிற்கும் பிள்ளையின் தோளும் காதும் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே தீம் யோசிக்கும்போதே நடுவில் ஆள் வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். தூண், மரம், பலகையின் கால், பெட்டிகளின் அடுக்கு என ஏதாவது பொருள் அங்கே வரட்டும். பிள்ளைகளை அதற்கு இடமும் வலமுமாக இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். ஃபிரேமில் 20 அடி அகலம் விழுகிறது என்றால் நடுவில் ஒன்றரை அடி காலி விட வேண்டும். அச்சில் அது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். கேமராவின் நடு ஃபோகஸ் புள்ளி அந்தப் பொருளின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு கடைசியிலும் ஓர் ஆள் நிற்கும் அளவு வெறும் இடம் விடுங்கள். அப்புறம், ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து, மடித்து, பின் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மெரினாவில் காலை ஷூட்

சூரிய உதயம், கடல், மொத்த வகுப்பு. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கடல் கிழக்கே. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வரும், முகமெல்லாம் கறுத்துவிடும். குதிக்கும் நிழலுருவப் படம்தான் வேண்டும் என்றால் சரி. முகம் வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல் போங்கள். அப்போது வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் விழும். உச்சி வெயில் எங்கேயும் வேண்டாம், கண்குழியில் நிழல் கட்டும்.

அக்டோபருக்குப் பிறகு தேதி வைப்பது

வடகிழக்குப் பருவமழை. அது ஓய்வதற்குள் அரையாண்டுத் தேர்வு, பிறகு பிராக்டிகல். ஜூலை, ஆகஸ்ட் காலைகளிலேயே வெளி ஷூட்டை முடித்துவிடுங்கள்.

விலைக்கு வாங்க வைக்கும் தீம்

எல்லோரும் ஒரே நிற கவுன், ஒரே மாதிரி கோட் என்று அறிவித்துவிடுகிறார்கள். வாங்க முடியாத பிள்ளை காரணம் சொல்லாது, அன்றைக்கு லீவு போட்டுவிடும். தாத்தாவின் வேட்டி, பாட்டியின் புடவை, பழைய ரேடியோ, பள்ளிச் சீருடையையே வேறு விதமாக உடுத்துவது: வீட்டில் இருப்பதில் நடக்கும் தீம்தான் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அனுமதி

மெட்ரோ, ரயில்வே பிளாட்பாரம், மாமல்லபுரத்தில் முக்காலி: எழுத்தில் வாங்குங்கள்.

ட்ரோன்

மேலிருந்து படம் எடுக்க அது வேண்டாம், பள்ளி மொட்டை மாடி போதும்.

வாட்ஸ்ஆப்பில் படம் வாங்குவது

டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வராத பிள்ளைகள்

காய்ச்சல், மேட்ச், அக்கா கல்யாணம் என்று யாராவது வராமல் போவார்கள். அவர்களை வெட்டி ஒட்டினால் வெளிச்சம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஷூட்டுக்கு ஒரு நாள் குறிக்கும்போதே, வராதவர்களுக்காக இன்னொரு நாளையும் குறித்துவிடுங்கள். அதே இடம், அதே நேரம், அதே பெட்டிகள். அந்தப் படத்துக்கும் லேஅவுட்டில் ஒரு முழுப்பக்கத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.