அலைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் செய்முறை வகுப்பில் ஒரு மாணவி, சரியாக வந்த விடையை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். மாணவனாக இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன். அலகு மாற்ற மறப்பது போன்றவை இரண்டு தடவை மதிப்பெண் போனால் தானே சரியாகிவிடும். தவறான எண்ணத்தால் சரியான விடையை அழிப்பது அப்படிப் போவதில்லை.

அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்று நினைப்பது

வேகம் = அதிர்வெண் × அலைநீளம். இதைப் பார்த்ததும் ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

கல்லூரிச் செய்முறைத் தேர்வில் எனக்கு ஒத்ததிர்வுக் குழாய் வந்தது: குழாய்க்குள் காற்றுத் தம்பத்தின் நீளத்தை மாற்றி, எந்த நீளத்தில் ஒலி பெருகுகிறது என்று பார்க்க வேண்டும். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு 16.1 செ.மீ.யிலும் 50.2 செ.மீ.யிலும் ஒலி பெருகியது. இடைவெளி 34.1, அது அரை அலைநீளம். வேகம் நொடிக்கு 349 மீட்டர். அப்புறம் 384 ஹெர்ட்ஸ் கவை: 21.8, 67.3. மறுபடியும் 349! அதிர்வெண் குறைந்தும் வேகம் குறையவில்லையே என்று பதறி, இரண்டாவது அளவீட்டை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அடித்த விடைதான் சரி. காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் 331 மீட்டர், 30 டிகிரியில் 349. அதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. கவையை மாற்றினால் அலைநீளம்தான் மாறும். கோயில் திருவிழாவில் தெருக்கோடியில் நின்று கேளுங்கள்: நாகஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலியும் முன்பின் ஆகாமல் சேர்ந்தே வருகின்றன. வேகம் சுருதிக்கேற்ப மாறினால் தாளமே கலைந்துவிடும்.

வீணையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மெட்டில் விரல் வைத்தால் தந்தியின் அதிரும் நீளம் குறைகிறது. தந்தியில் ஓடும் அலையின் வேகம் மாறாததால் அதிர்வெண் ஏறுகிறது. பிரடையை (தந்தியை இறுக்கும் முளையை) முறுக்கினால் நீளம் அப்படியே இருக்கும், இழுவிசை கூடும், வேகமே மாறும். சுருதி இரண்டிலும் ஏறும், காரணம் வேறு வேறு.

தண்ணீருக்குள் போன ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவது

மாறாது. வேகமும் அலைநீளமும்தான் 1.33 மடங்கு குறையும்.

முகட்டுக்கு முகடு அளந்து அலைநீளம் என்று எழுதுவது

முதலில் வரைபடத்தின் கிடை அச்சைப் பாருங்கள். அங்கே நொடி என்று இருந்தால் நீங்கள் அளந்தது அலைவுக் காலம்.

இசைக்கவையை ஓங்கித் தட்டுவது

வீச்சு (அதிர்வின் அளவு) மட்டும் கூடும். ரப்பர் கட்டையில் மெல்லத் தட்டினால் போதும்.