ஆர்மி பிசிகலுக்கு (உடல் தகுதி டெஸ்ட்டுக்கு) ஸ்கூல் கிரவுண்ட்லயே ரெடி ஆகுறது எப்படி? (பீம், அதாவது கம்பில தொங்கி மேல இழுக்குற புல்-அப் வராதவங்களுக்காக)

காலைல எந்த கிரவுண்டுக்குப் போனாலும் அக்னிவீருக்கு (ஆர்மில நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்குற திட்டம்) ரெடி ஆகுற பசங்க ஓடிக்கிட்டேதான் இருக்காங்க, பீம் பக்கம் ஆளே இல்ல. மார்க் கணக்க பாருங்க தம்பிங்களா. ஜிடி (ஜெனரல் டியூட்டி, சாதாரண சிப்பாய் வேலை) பிசிகல்ல 1.6 கிமீ ஓட்டத்த 5:30க்குள்ள முடிச்சா 60 மார்க், அடுத்த குரூப்ல 5:45க்குள்ள வந்தா 48. வித்தியாசம் 12. பீம்ல 10 எடுத்தா 40, 6 எடுத்தா 16, அங்க 24 மார்க் போகுது. (ஓட்டத்தோட டைம் குரூப் மாறிக்கிட்டே இருக்கும், உங்க வருஷத்து நோட்டிஃபிகேஷன கட்டாயம் படிங்க.)

ஸ்டெப் 1: கிரவுண்ட அளங்க. நிறைய ஸ்கூல்ல டிராக் 200 மீட்டர்தான், அப்ப 8 ரவுண்டு. பி.டி. சார்கிட்ட கேட்டா டேப் தருவாரு, காலைல கிரவுண்ட யூஸ் பண்ணவும் விடுவாரு. போன் ஆப்ப நம்பாதீங்க, சின்ன டிராக்ல சுத்தி சுத்தி ஓடும்போது தூரம் தப்பா காட்டும். சாதாரண டிஜிட்டல் வாட்ச் போதும்.

ஸ்டெப் 2: ஓட்டம். முதல்ல சில வாரம் பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல அரைமணி நேரம். அப்புறம் 400 மீட்டர 80 செகண்ட்ல ஓடி, மூச்சு வாங்கிட்டு, திரும்ப. 5:30க்கு 400 மீட்டருக்கு 82 செகண்ட் கணக்கு வரும். ராலில (ஆள் எடுக்குற அன்னைக்கு கிரவுண்ட்ல நடக்குற டெஸ்ட்ல) கூட்டமா விடுவாங்க, முதல் ரவுண்ட்ல எல்லாரும் பறப்பாங்க, நீங்க உங்க 82ஐ விடாதீங்க. தார் ரோட்டுல தினமும் ஓடுனா முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு வலிக்கும், மண்ணுல ஓடுங்க.

ஸ்டெப் 3: பீம். ஒண்ணு கூட வரலன்னா இப்படி ஆரம்பிங்க. உள்ளங்கை வெளிய பாக்குற மாதிரி பிடிச்சு 30 செகண்ட் சும்மா தொங்குங்க. அது வந்ததும் முழங்கைய மடக்காம தோள்பட்டைய மட்டும் கீழ இழுங்க, உடம்பு ரெண்டு இஞ்ச் ஏறும், அவ்வளவுதான், ஆனா முதுகு வேலை செய்யுறது அங்கதான் தெரியும். அடுத்து பெஞ்ச் போட்டு மேல ஏறி தாடை கம்பிக்கு மேல இருக்கிற மாதிரி நின்னு, கால எடுத்துட்டு 5 செகண்ட் எண்ணி மெதுவா இறங்குங்க. அஞ்சு தடவ, மூணு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். ரப்பர் பேண்ட் வாங்கி காச வீணாக்காதீங்க, இந்த இறங்குறதுதான் முதல் பீம வர வைக்கும். நாலு வந்ததும் கை செத்துப்போற வரைக்கும் இழுக்காம ரெண்டு ரெண்டா நிறைய செட் போடுங்க, கவுண்ட் தானா ஏறும்.

இப்ப முக்கியமான விஷயம், நான் மாட்டிக்கிட்டு முழிச்ச இடம். ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது வந்த கவுண்ட் ஓடி முடிச்சதும் வரவே இல்ல! ராலில ஓட்டத்துக்கு அப்புறம்தான் பீம், மூச்சு இரைக்கும், உள்ளங்கை வேர்த்து வழுக்கும். அதனால வாரத்துல ஒருநாளாவது 1.6 முடிச்ச கையோட பீம் பிடிங்க. கூட இருக்கிறவன எண்ணச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் கை முழுசா நீளணும், தாடை மேல வரணும், கால ஆட்டி ஏறுனா எண்ணக்கூடாது. அங்கயும் எண்ண மாட்டாங்க.

சாப்பாடு பத்தி ரெண்டே வார்த்தை: முட்டை, கொண்டக்கடலை. பவுடர் எல்லாம் வேணாம்.

அப்டேட்: தங்கச்சிங்க நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. பெண்கள் மிலிட்டரி போலீஸ்க்கு பீம் இல்ல, 1.6 கிமீ 7:30க்குள்ள வந்தா முதல் குரூப், 8 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது, கூடவே 10 அடி லாங் ஜம்ப், 3 அடி ஹை ஜம்ப். ஓட்டத்துக்கு மேல சொன்னதே போதும், ரவுண்டு டைம மட்டும் மாத்திக்கோங்க.

இன்னொரு அப்டேட்: ஜிடி பிசிகல்ல வர்ற 9 அடி பள்ளம் தாண்டுறதுக்கும் ஜிக்ஜாக் பேலன்ஸுக்கும் (வளைஞ்சு வளைஞ்சு போற குறுகலான கட்டை மேல விழாம நடக்குறது) மார்க் கிடையாது, ஆனா பாஸ் ஆகியே ஆகணும். ஸ்கூல் லாங் ஜம்ப் பிட்ல 10 அடில கோடு போட்டு தாண்டிப் பழகுங்க, 9 அடி பயமே இருக்காது.