மாரியில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பில் குடியேற: வெளிக்கிடுமுன் முடிக்கவேண்டியவை

புது வேலை, கம்பனிப் பயிற்சி, கணக்கியல் வகுப்பு எல்லாம் பெரும்பாலும் தை மாதத்தில் தொடங்குவதால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மழைக்குள்தான் வெளிக்கிட வேண்டிவருகிறது. ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஊரில் முடிக்கக்கூடிய எந்த வேலையையும் கொழும்புக்குக் கொண்டுபோகாதீர்கள். இங்கே சைக்கிளில் போய் அரை மணித்தியாலத்தில் முடிக்கிற அலுவலுக்கு அங்கே ஒரு நாள் லீவும் ஓட்டோக் காசும் போகும்.

நாள் பார்த்தல்

யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடியும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் அதுதான். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்ததும் இதே பருவத்தில்தான். வேலை தொடங்கும் திகதி உங்கள் கையில் இருந்தால் தைப்பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் புது வீட்டுக்குக் குடிபோகக்கூடாது என்று வீட்டில் சொன்னால், வீட்டுக்காரரோடு கதைத்து ஒப்பந்தத்தைத் தைப்பொங்கல் நாளில் இருந்து எழுதுவிக்கலாம். சூலம் பார்க்கிற வீடென்றால் வியாழக்கிழமையைத் தவிருங்கள், கொழும்பு தெற்கே இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் திரும்புவார்கள். அந்த நாட்களுக்கு ரயில் ஆசனம் வேண்டுமென்றால் முற்பதிவு தொடங்கிய உடனேயே பதியுங்கள். இரவு பஸ்கள் கூடுதலாக வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியே போகும். கலா ஓயா ஆறு பெருகினால் அநுராதபுரம் – புத்தளம் பாதை மூடப்படும், பஸ் தம்புள்ளைப் பக்கமாகச் சுற்றிப் போகவேண்டிவரும். அதனால் விடிந்ததும் வேலைக்குப் போகலாம் என்ற கணக்கில் முதல் நாளிரவு ஏறவேண்டாம், இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். ஏறுகிற அன்று பின்னேரம் எந்தப் பாதையால் போகிறது என்று பஸ்காரரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதி

ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடிய அளவுதான் அளவு: தோளில் ஒன்று, கைக்கு ஒவ்வொன்று. பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் ரோட்டுத் தண்ணீர் தெறிக்கும். துணி சூட்கேஸ் என்றால் முதலில் உள்ளே தடித்த பொலித்தீன் பை, அதற்குள் உடுப்பு. பாத்திரம், பாய், செருப்புக்கு நன்றாகக் கழுவிக் காயவைத்த உரப்பை போதும். வாயை இரண்டு தரம் மடித்துக் கட்டி, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். விடியப்புறம் கொழும்புக் காலி வீதியில் (Galle Road) இறக்கும்போது எல்லா உரப்பையும் ஒரேமாதிரித்தான் தெரியும்.

மாரியில் கொடியில் காய்ந்த உடுப்புத் தொட்டுப்பார்க்கக் காய்ந்தமாதிரி இருக்கும், தையலிலும் இடுப்புப் பட்டியிலும் ஈரம் நிற்கும். அப்படியே மடித்தால் ஒரு கிழமைக்குள் கறுப்புப் புள்ளி விழும், அது தோய்த்தாலும் போகாது. ஒரு இரவு முழுக்க ஃபானுக்குக் கீழே விரித்து, பிறகு அயர்ன் பண்ணி, சூடு முழுக்க ஆறியபின் மடியுங்கள். சூட்டோடு பொலித்தீனுக்குள் வைத்தால் உள்ளே வேர்த்துவிடும். தடித்த குளிருடுப்பு வேண்டாம். கொழும்பில் தை மாத இரவும் 22 பாகையளவில்தான் நிற்கும், குளிர்வது ஏசி பஸ்ஸுக்குள் மட்டும். ஒரு நீளக்கைச் சட்டையும் காதை மூட ஒரு துணியும் போதும்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஓ.எல், ஏ.எல் பெறுபேறு, வங்கிப் புத்தகம் எல்லாம் மடியில் வைத்திருக்கும் பையில்தான் வரவேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுங்கள். அப்போது பெயரின் ஆங்கில எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாகவும் மற்றதில் முதலெழுத்தாகவும் இருந்தால், வங்கியிலும் பிறகு ஊழியர் சேமலாப நிதியிலும் (EPF) சிக்கும். விதானையாரிடம் (கிராம அலுவலர்) வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கிவிடுங்கள்.

தூளும் மாவும்

சமைக்கத் தெரிந்த பிள்ளைக்குச் செலவு பாதியாகும், உடம்பும் கெடாது. ஆனால் மாரியில் இடித்த தூள்தான் கூடுதலாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒரு ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடத் தூள் போதும்: செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 400, பெருஞ்சீரகம் 75, மிளகு 50, நற்சீரகம் 50, வெந்தயம் 25, ஒரு துண்டு மஞ்சள், இரண்டு பிடி கறிவேப்பிலை. வெயில் இல்லாதபடியால் மிளகாயைக் காம்பு நீக்கி, அகலத் தாச்சியில் மெல்லிய நெருப்பில், ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை வறுக்கவேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுங்கள். வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கசக்கும். பழுது அநேகமாகக் கறிவேப்பிலையில்தான் தொடங்கும். கழுவியதை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, கையில் நொருங்கும்வரை வறுக்காவிட்டால் அந்த ஈரமே போதும்.

மில்லிலிருந்து தூள் சூடாகத்தான் வரும். உடனே போத்தலில் அடைத்தால் ஆவி மூடியில் பட்டுத் திரும்பவும் தூளில்தான் விழும். கடதாசியில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, 250 கிராம் பிடிக்கிற போத்தல்களில் பிரித்து அடையுங்கள். ஒன்றை முடித்துத்தான் அடுத்ததைத் திறக்கவேண்டும், ஈரக்கரண்டி உள்ளே போகவே கூடாது. வறுத்த அரிசிமாவுக்கும் இதே முறைதான். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) வாங்கினால் உடைத்துப் பாருங்கள். புது ஒடியல் மாசி, பங்குனி வெயிலில்தான் காயும், மார்கழியில் கடையில் இருப்பது போன வருடத்துச் சரக்கு. உள்ளே துளையும் பொடியும் இருந்தால் வண்டு விழுந்துவிட்டது.

அறை

தை, மாசியில் கொழும்பில் மழை குறைவு. அதனால் இந்தக் காலத்தில் பார்க்கும் எல்லா அறையும் நல்ல அறையாகத்தான் தெரியும், குறை வைகாசி மழையில்தான் வெளிவரும். சீலிங்கின் மூலையில் தேத்தண்ணீர் நிறத்தில் வட்டக் கறை இருக்கிறதா, சுவரின் அடி ஒரு முழத்துக்குப் பெயின்ட் பொருமி நிற்கிறதா, அலுமாரிக்குப் பின்னால் மணம் எப்படி என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அடிச்சுவரைக் கையால் தொட்டுப்பாருங்கள். வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கை என்றால் வெள்ளம் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கடற்பக்கத்து ஜன்னல் இப்போது சுகமாக இருக்கும், வைகாசி தொடங்கத் தென்மேல் காற்று மழையை நேரே உள்ளே அடிக்கும். உப்புக்காற்றுக்கு ஃபானும் இரும்புக் கட்டிலும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பிளக் பொயின்டைப் பாருங்கள். பழைய வீடுகளில் 5 அம்பியர் உருண்டைக்கால் பொயின்ட் இன்னும் உண்டு. 700 வாட் சோறு குக்கர் ஏறக்குறைய 3 அம்பியர்தான் இழுக்கும், அதில் ஓடும். 2000 வாட் கேத்தில் 9 அம்பியர் அளவு இழுக்கும். அதை அடப்டர் போட்டுச் சொருகினால் பொயின்ட் உருகும். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். குக்கர் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஓடினால் மாதம் 10 யூனிட் அளவுதான், வீட்டுக்காரர் குக்கருக்கென்று தனிக்காசு கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

முற்பணம் அறைக்கு ஒன்று தொடக்கம் மூன்று மாதம், முழு வீடு அல்லது அனெக்ஸுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்றும் கேட்பார்கள். அது மாதாமாதம் கழியுமா, விட்டுப்போகும்போது திரும்புமா, எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். “அன்ரி தெரிஞ்ச ஆள்தானே” என்று ரசீது வாங்காமல் விடுவதால்தான் பிறகு இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு வருகிறது. தங்குபவர்களின் விபரத்தைப் பொலிஸ் கேட்டால் கொடுக்க, வீட்டுக்காரரிடம் அடையாள அட்டைப் பிரதி ஒன்று இருக்கட்டும்.

காசு

முற்பணம் போக, மூன்று மாதச் செலவு கையில் இருக்கவேண்டும். ஜனவரி 20ஆம் திகதிக்குப் பிறகு சேர்ந்தால் அந்த மாதச் சம்பளக் கணக்கு மூடியிருக்கும், முதல் சம்பளம் பெப்ரவரிக் கடைசியில்தான் வரும். அதிலும் சம்பளத்தில் 8 சதவீதம் சேமலாப நிதிக்குக் கழியும். கம்பனி 12 சதவீதம் போடவேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) இன்னும் 3. உங்கள் அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதமே கேட்டு எழுதிவையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அம்மா அப்பா மட்டும் தனித்து நிற்கப்போகிறார்கள் என்றால் இதை எல்லாவற்றுக்கும் முதல் செய்யுங்கள். பீலியில் சருகு எடுங்கள், விலகிய ஓட்டைச் சரிசெய்யுங்கள், கூரைக்கு மேல் சாயும் மாங்கொப்பை வெட்டுவியுங்கள். கிணற்றுக்குள் தட்டில் மோட்டர் இருந்தால் மாரித் தண்ணீர் ஏறமுன் மேலே தூக்கவேண்டும். ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப்பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். கிளினிக் மருந்து எந்தத் திகதியில் முடிகிறது, யார் கூட்டிப்போவது என்று பக்கத்து வீட்டு அண்ணரோடு கதைத்து வையுங்கள். 1990 அம்புலன்ஸ், அயலவர், மின்சார அலுவலக இலக்கங்களைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். தொலைபேசிக்குள் மட்டும் இருந்தால் மின்சாரம் போன இரவில் உதவாது.

முதல் கிழமை

100, 101 இலக்க பஸ்கள் இரண்டும் காலி வீதியால் கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் போகும். 138 ஹைலெவல் வீதி. வேலைநாளுக்கு முன்னம் ஒருதரம் அதே நேரத்தில் போய்ப்பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை எடுத்த நேரத்தை நம்பவேண்டாம். குழாய்த் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்போல் கடினமில்லை, சவர்க்காரம் பாதி போதும்.

நுளம்பு வலையை முதல் இரவே கட்டுங்கள். மாரிக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் டெங்கு கூடும். பயணக் களைப்பு என்று நினைத்துக் காய்ச்சலை விட்டுவிடுகிறார்கள். பரசிற்றமோல் மட்டும் எடுங்கள், அஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். வயிற்றுநோ, விடாத சத்தி (வாந்தி), சிறுநீர் குறைதல் இருந்தால் காய்ச்சல் விட்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அறையில் இருக்கும் மற்றவரிடமும் வீட்டாரிடமும் அப்போதே சொல்லிவிடுங்கள்.