கோலாலம்பூரிலிருந்து ஊர்க் கிராம வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் முறை

மலேசியாவுக்குப் புதிதாக வேலைக்கு வந்து, முதல் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பவிருக்கும் உறவுகளுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் பணம் கட்டுவது எளிது. ஆனால் அந்தப் பணம் தடையின்றிப் போய்ச் சேருவதற்கு ஊர்க் கணக்கு முன்னதாகவே சரியாக இருக்க வேண்டும்.

கிராம வங்கி என்றதும் சிலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. 1975 அக்டோபர் 2 அன்று ஐந்து வங்கிகளுடன் தொடங்கிய இந்த அமைப்பில் மத்திய அரசுக்கு 50, மாநில அரசுக்கு 15, ஆதரவளிக்கும் வணிக வங்கிக்கு 35 விழுக்காடு பங்கு உண்டு. வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உள்ளது.

படி 1: பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பாண்டியன் அல்லது பல்லவன் கிராம வங்கி என்று அச்சாகியிருந்தால் அது பழைய புத்தகம். இரண்டும் இணைந்து 2019 ஏப்ரல் 1 முதல், சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டதால், கிளையில் புதிய புத்தகம் வாங்கிக் கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐஎஃப்எஸ்சி (IFSC) குறியீட்டையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் குறியீட்டில் 11 இடங்கள் உண்டு. ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்ஜியம், ஆங்கில ஓ எழுத்தன்று. ஆதரவு வங்கியான இந்தியன் வங்கியின் ஐடிஐபி (IDIB) என்ற எழுத்துகளில் அது தொடங்குவதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

படி 2: கணக்கின் வகையைக் கேட்டறியுங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான். முழுமையான அடையாளச் சான்று தராமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால், கேஒய்சி என்ற முழு அடையாளச் சரிபார்ப்பை முடிக்கும்வரை வெளிநாட்டுப் பணத்தை அதில் வரவு வைக்க இயலாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவின்றிக் கிடக்கும் கணக்கையும் அம்மாவோ மனைவியோ ஆதாருடன் நேரில் சென்று உயிர்ப்பிக்க வேண்டும். உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு இருந்தால், வெளிநாட்டில் வேலைக்கு வந்தபின் அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ (NRO) கணக்காக மாற்றுவது விதி.

படி 3: மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற கடைக்குக் கடவுச்சீட்டு, வேலை பெர்மிட் ஆகியவற்றுடன் செல்லுங்கள். கட்டணத்தை மட்டும் கேட்காமல், கட்டணம் போக ஊரில் எத்தனை ரூபாய் வரவாகும் என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். நல்ல விலை தருவதாகச் சொன்னாலும் உரிமமின்றிப் பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரரை நாடாதீர்கள். பணம் போய்ச் சேராவிட்டால் முறையிட உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

படி 4: பெறுநர் பெயரைப் பாஸ்புக்கில் உள்ளபடியே எழுதுங்கள். அங்கே 'மு. செல்வி' என்றிருக்க, இங்கே 'செல்வி முருகேசன்' என்று விரித்தெழுதினால் வரவு தாமதப்படலாம், திரும்பியும் வரலாம். கவுண்டரை விட்டு நகரும் முன்பே ரசீதிலுள்ள கணக்கு எண்ணைப் படத்துடன் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 5: கிளை தொலைவில் இருந்தால், ஆதார் இணைந்த கணக்கிலிருந்து ஊரிலுள்ள வங்கி முகவரிடமே கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். எடுத்ததற்கான சீட்டை அவசியம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பணம் வரவாகவில்லையென்றால் ரசீதுடன் முதலில் இங்குள்ள கடையை அணுகுங்கள். ஊர் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகும் சிக்கல் நீடித்தால், கிளையில் எழுத்துமூலம் புகார் அளிக்கச் சொல்லுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கட்டணமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.