பழைய சூப்பர்ஹீரோ கிராஸ்ஓவர் காமிக்ஸை மறுவாசிப்பு செய்வது எப்படி?

கிராஸ்ஓவர் என்றால் வெவ்வேறு தொடர்களின் நாயகர்கள் ஒரே கதையில் சந்திப்பது. திருநெல்வேலிப் பக்கம் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்குச் சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் இதழ்கள்தான் அரிச்சுவடி. அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லயனில் நாம் பார்த்த ஸ்பைடர் வேறு, இங்கே வரும் ஸ்பைடர்மேன் வேறு. வலைத் துப்பாக்கியோடு குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகக் கிளம்பிய அந்த ஸ்பைடர், பிரிட்டன் காமிக்ஸில் பிறந்தவர். இவரோ காசுக்குத் திண்டாடும் நியூயார்க் புகைப்படக்காரர், பீட்டர் பார்க்கர். இருவரையும் குழப்பிக்கொண்டால் கதை பிடிபடாது.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது, 1976-ல் சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனமும் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ‘சூப்பர்மேன் வெர்சஸ் தி அமேஸிங் ஸ்பைடர்மேன்’. எழுதியவர் ஜெர்ரி கான்வே. பென்சிலில் வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரு, மை தீட்டியவர் டிக் ஜியோர்டானோ. வழக்கமான இதழைவிடப் பெரிய அளவு, விலை 2 டாலர். மூலப் பிரதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 2024-ல் வந்த தொகுப்பு மறுபதிப்பில் இந்தக் கதை இருக்கிறது. கனத்த புத்தகம், விலை கையைக் கடிக்கும். நாலு பேர் பங்கு போட்டு வாங்குங்கள்.

படி 1: கையில் பென்சில் இல்லாமல் ஒருமுறை வாசியுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், சிலிர்ப்பு வந்தால் சிலிர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பெல்லாம் பிறகு.

படி 2: பங்கு பிரித்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டு போட்டி நிறுவனங்கள் தங்கள் செல்லப் பிள்ளைகளை ஒரே புத்தகத்தில் விட்டிருக்கின்றன. இருவீட்டார் அழைப்பிதழில் யார் பெயர் மேலே வரவேண்டும் என்று பார்ப்பதுபோல இங்கே ஒவ்வொரு பக்கமும் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருக்கிறது. சூப்பர்மேனுக்கு ஒரு முன்கதை, அதில் லெக்ஸ் லூதர் மாட்டுகிறார். ஸ்பைடர்மேனுக்கு ஒரு முன்கதை, அதில் டாக்டர் ஆக்டோபஸ் மாட்டுகிறார். மூன்றாவது முன்கதை வில்லன்களுக்கு. இருவரும் ஒரே சிறையில் சந்திக்கிறார்கள்! ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் சூப்பர்மேன், வலப்பக்கம் ஸ்பைடர்மேன் என்று எழுதி, யாருக்கு எத்தனை பக்கம், எத்தனை அடி, யார் யாரைக் காப்பாற்றினார் என்று குறித்துக்கொண்டே போங்கள். அந்தக் காலத்து ஆசிரியர் குழு பட்ட பாடு உங்களுக்கே புரியும்.

படி 3: சண்டைக்கான சாக்கைத் தேடுங்கள். இதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்வது நல்லது. என் அக்கா மகன் கேட்டான்: “மாமா, ரெண்டு பேரும் நல்லவங்கதான? பொறவு என்னத்துக்குச் சண்ட போடுதாவ? மொதல்ல பேசுனா என்ன?” விமர்சனம் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். இந்தக் கதையில் லூதர் சூப்பர்மேன் வேடத்தில் வந்து, சூப்பர்மேனின் தோழி லோயிஸ் லேனையும் ஸ்பைடர்மேனின் தோழி மேரி ஜேனையும் கடத்துகிறார். ஒரு வேடம், ஒரு சந்தேகம், உடனே கைகலப்பு. கிராஸ்ஓவர் வகைக் கதைகளில் இந்தச் சாக்கு திரும்பத் திரும்ப வரும்.

படி 4: ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தி, கட்டம் கட்டமாகப் பாருங்கள். நான் நிறுத்துவது சண்டையில். சாதாரணமாக ஸ்பைடர்மேன் அடித்தால் சூப்பர்மேனுக்கு உறைக்காது. அதனால் லூதர் மறைந்திருந்து, சூப்பர்மேனின் பலத்தைக் குறைக்கும் சிவப்புச் சூரியக் கதிரை ஸ்பைடர்மேன்மேல் பாய்ச்சுகிறார். இப்போது ஒரு குத்து விட்டால் சூப்பர்மேன் பறக்கிறார். சூப்பர்மேனுக்கும் கோபம் தலைக்கேறிக் கையை ஓங்குகிறார், கடைசி நொடியில் நிறுத்திக்கொள்கிறார். குத்து படவே இல்லை. அந்தக் காற்றிலேயே ஸ்பைடர்மேன் தூக்கி வீசப்படுகிறார்! கொஞ்ச நேரத்தில் கதிரின் வேகம் தீர்ந்துபோகிறது. ஸ்பைடர்மேன் மாறிமாறிக் குத்த, சூப்பர்மேன் அசையாமல் நிற்கிறார், வலிப்பது குத்துகிற கைக்குத்தான். இரு தரப்பு ரசிகர்களும் மனம் கோணாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற கணக்குக்கு இதைவிட அழகான விடை இருக்க முடியாது. எனக்கு இன்றும் பிடித்த பக்கங்கள் இவை.

படி 5: குறையையும் எழுதுங்கள். லோயிஸ் ஊரே மதிக்கும் நிருபர். அவரைக் கடத்தப்படும் பொருளாக மட்டும் கதை வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. மேரி ஜேனுக்கும் அதே கதிதான். மறுபக்கம், பூமியையே அழிக்க லூதர் துணியும்போது ஆக்டோபஸ் அவருக்கு எதிராகத் திரும்புவது அருமையான திருப்பம். பூமி போனால் தானும் போகவேண்டும் என்று யோசிக்கும் வில்லனை எத்தனை கதையில் பார்க்கிறோம்?

படி 6: கிண்டல் எழுதும்போது பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். “லாஜிக் இல்லை” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாருக்கும் பயனில்லை.

கை பழகியபின் 1996-ல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் டிசி’யை எடுங்கள். அதில் 5 மோதல்களின் முடிவை வாசகர்களே வாக்குப் போட்டுத் தீர்மானித்தார்கள். டிசியின் லோபோவும் மார்வெலின் வுல்வரினும் ஒரு மதுக்கடையில் மோதி, கவுன்டருக்குப் பின்னால் விழுகிறார்கள். அங்கே நடப்பது நமக்குக் காட்டப்படுவதில்லை, வுல்வரின் மட்டும் எழுந்து வருகிறார். ஓட்டு வாங்கி ஜெயித்தவர் எப்படி ஜெயித்தார் என்பதைக் கதாசிரியர்கள் ஏன் கவுன்டருக்குப் பின்னால் வைத்தார்கள்? உங்கள் முதல் கட்டுரையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.