மெலனோமா: தெரிந்தவர்களும் தவறவிடும் இடங்கள்

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய்தான் மெலனோமா. எங்கள் தோல் புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்களைப் பார்க்கிறேன். பயிற்சிக் காலத்தில் நாங்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ, அங்கங்கே அவர்களும் விழுகிறார்கள். நோயாளிகளின் வீட்டாரும் அப்படித்தான். உச்சி வெயிலைத் தவிருங்கள், மச்சம் மாறினால் காட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

## எரித்துவிட்டு மறந்துவிடுவது

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்றும் கோபம் வரும்.

கெண்டைக்கால் மச்சத்தில் துணி உரசி ரத்தம் கசிகிறது என்று ஒரு பெண்மணி எங்கோ போய்க் காட்டியிருக்கிறார். மின்சூட்டால் எரித்து, களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வடு அழகாக ஆறிவிட்டது. பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியது. அதில் ஊசி போட்டு எடுத்த செல்கள் மெலனோமா என்றன.

“எரிச்சதைப் பயாப்சிக்கு அனுப்பினாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“மச்சம்தானே, அதை எதுக்கு அனுப்பணும்னு சொல்லிட்டாங்க டாக்டர்.”

மெலனோமா பெரும்பாலும் முதலில் மேல்தோலுக்குள்ளேயே பக்கவாட்டில் பரவும். அந்தக் கட்டத்தில் முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் அநேகமாகக் கதை முடிந்தது. பின்னர் ஏதோ ஒரு கட்டத்தில் அது கீழ்நோக்கித் திரும்புகிறது. அடித்தோலில் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அங்கே எட்டிவிட்டால் உடலின் வேறு இடங்களுக்குப் போக வழி கிடைத்துவிடும். முடிச்சு போல எழும்பும் வகைக்கு இந்தப் பக்கவாட்டுக் காலமே அநேகமாகக் கிடையாது. ஆரம்பத்திலேயே கீழே இறங்கும், சில மாதங்களில் ஆழமாகிவிடும்.

ஆகவே, மச்சம் எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதே முக்கியம். இதை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர் எடுத்துக்காட்டினார். இன்றும் அவர் பெயரால்தான் அந்த ஆழத்தைச் சொல்கிறோம். நுண்ணோக்கியின் கீழ், மேல்தோலின் மேற்பகுதியில் உள்ள துகளடுக்கில் தொடங்கி, ஆகக் கீழே கிடக்கும் புற்றுச்செல் வரை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 0.8 மி.மீ.க்குக் குறைவு, மேலே புண்ணும் இல்லை என்றால் நிம்மதியாகப் பேசலாம். 4 மி.மீ. தாண்டினால் பேச்சே வேறு. சுற்றிலும் எவ்வளவு தோலை அகற்றுவது (1 மி.மீ. வரை என்றால் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ.), புற்று பரவினால் முதலில் எட்டும் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவுகளெல்லாம் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

எரித்தால் அந்த எண் போயிற்று. லேசர் வைத்தால் அளப்பதற்குத் துணுக்குகூட மிஞ்சாது. மேலாகச் சீவி, அடிப்பகுதியைத் தோலிலேயே விட்டுவிட்டால், “குறைந்தது இவ்வளவு” என்று மட்டுமே அறிக்கை எழுத முடியும்.

சந்தேகமுள்ள புள்ளியைச் சுற்றி 1 முதல் 3 மி.மீ. தோலோடு, கீழே கொழுப்பு தெரியும் வரை, ஒரே துண்டாக எடுக்க வேண்டும். முகம், உள்ளங்கால் போன்ற இடங்களில் பெரிதாகப் படர்ந்திருந்தால், மிகத் தடித்த பகுதியிலிருந்து துண்டு எடுக்கலாம். எதுவானாலும் அது ஆய்வகத்துக்கு அனுப்பும் ஃபார்மலின் சீசாவுக்குத்தான் போக வேண்டும்.

இழப்பு அந்தப் பெண்மணியோடு நிற்கவில்லை. அவருடைய அண்ணனுக்கும் முதுகில் ஒரு கருப்பு மச்சம் இருந்ததாம், அதையும் எரித்துவிட்டார்களாம். அதுவும் மெலனோமாவாக இருந்திருந்தால், ஒரே வீட்டில் இரண்டு பேர். அந்தக் குடும்பத்தை நாங்கள் விசாரிக்கும் விதமே மாறியிருக்கும். அது என்ன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

## கட்டியின் மரபணுவைக் குடும்பத்தின் மரபணுவாக எண்ணுவது

கட்டியின் மரபணுச் சோதனை அறிக்கையில் “பிராஃப் வி600இ பாசிட்டிவ்” என்று பார்த்ததும், “அப்போ பிள்ளைங்களுக்கும் இருக்குமா?” என்று பதறிக்கொண்டு வருகிறார்கள். சில சமயம் அந்தப் பதற்றத்தைக் கிளப்பியவரே இளம் மருத்துவர்தான். தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் என்ற மரபணுவில் பிறழ்வு, அதாவது மாற்றம், காணப்படும். அது கட்டியின் செல்களில் இடையில் ஏற்பட்டது. பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. எந்த மாத்திரை வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளவே அந்தச் சோதனை.

பரம்பரையை அறிய ரத்தத்தையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். அதில் அடிக்கடி அகப்படுவது 9ஆம் குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் பிறழ்வு. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. பிறழ்வு இருப்பவர் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை.

## நோயில்லாதவரிடம் தொடங்குவது

அப்பாவுக்கு மெலனோமா, கவலையில் மகள் தனக்குச் சோதனை செய்துகொள்கிறாள். ஒன்றும் இல்லை என்று வருகிறது. தோல் பரிசோதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். அப்பாவைச் சோதிக்காதவரை அந்த முடிவுக்குப் பெரிய மதிப்பில்லை. முதலில் நோய் வந்தவரைச் சோதித்து, அவரிடம் பிறழ்வு கிடைத்தால், அதே பிறழ்வை மற்றவர்களிடம் தேட வேண்டும்.

பல குடும்பங்களில் எந்தப் பிறழ்வும் அகப்படாது. அப்போதும், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு மெலனோமா இருந்தால் மற்றவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. நிறம், மச்சங்களின் எண்ணிக்கை, பட்ட வெயில் எல்லாம் ஒரு வீட்டில் பங்கு போடப்படுபவை.

## தோலை மட்டும் விசாரிப்பது

சிடிகேஎன்2ஏ பிறழ்வு கணையப் புற்றுநோய்க்கும் வழிவிடும். பாப்1 என்ற மரபணு கெட்டால் கண்ணில் மெலனோமா, சிறுநீரகத்தில் புற்று, நுரையீரல் உறையில் புற்று. “வீட்டில் யாருக்காவது தோல் புற்றுநோய் உண்டா?” என்று மட்டும் கேட்டால் இவை எதுவும் வெளிவராது. யார் எதனால் இறந்தார்கள் என்று கேளுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் கேளுங்கள். வில்லியம் நோரிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1820லேயே இப்படி விசாரித்துத்தான், தன் நோயாளியின் தந்தையும் இதே போன்ற நோயில் இறந்ததை எழுதிவைத்தார்.

## பழைய மச்சங்களையே காவல் காப்பது

பெரும்பாலான மெலனோமாக்கள் மச்சமே இல்லாத தோலில் புதிதாக முளைப்பவை. சில கருப்பாகவே இருக்காது; இளஞ்சிவப்பாக, ஆறாத பருவைப் போல நிற்கும்.

## நகத்தடிக் கருமையை அடிபட்டதாக விடுவது

அடிபட்ட ரத்தம் நகம் வளர வளர முன்னே நகர்ந்துவிடும். நகராமல் அகலமானாலோ, நகத்தை ஒட்டிய தோலிலும் கருமை ஏறினாலோ பயாப்சி. கருநிறத் தோலுக்கும் இது பொருந்தும்.

## ஐந்து வருடத்தோடு கண்காணிப்பை நிறுத்துவது

பத்து வருடம் கழித்தும் மெலனோமா திரும்பி வந்திருக்கிறது.