வெத்திலைக் கணக்கு கேட்பது எப்படி

வாய்ப் புற்றுநோய்க் கள ஆய்வுக்கு வருகிற மாணவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது புள்ளிவிவர மென்பொருளைப் பற்றித்தான். அதைப் பிறகு படிக்கலாம். முதலில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பெத்தாவிடம் (பாட்டியிடம்) வெத்திலைக் கணக்கை, அதாவது எவ்வளவு வெத்திலை, எத்தனை வருடமாகப் போடுகிறார் என்பதை, ஒழுங்காகக் கேட்டு எழுதப் பழகுங்கள்.

இலங்கை ஆண்களை அதிகம் பிடிக்கிற புற்றுநோய் வாயில் வருவதுதான். புகையிலை சேர்ந்த வெத்திலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் சொன்னது. 2004இல் வெளியிட்ட தொகுப்பில் புகையிலை சேராத வெத்திலையையும் வெறும் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்கிற அதே முதல் வகுப்பில் வைத்தது. ஆகவே "புகையிலை போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டு எழும்பி வந்தால் பாதிக் கதையை அங்கேயே விட்டு வருகிறீர்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம், கிராம சேவகருக்குத் தகவல் எல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்த் தாய் சேயைக் கவனிக்கிற அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவை முதல் நாள் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய முகத்துக்குத்தான் படலை திறக்கும்.

உள்ளே போனதும் வட்டாவை (வெத்திலைத் தட்டை) நீட்டுவார்கள். நான் அதைத் தொட்டுவிட்டு, "தேத்தண்ணி போதும் பெத்தா" என்பேன். இந்த இடத்தில் வெத்திலையின் கெடுதியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. அறிவுரை முன்னால் போனால் கணக்கு சுருங்கிவிடும். ஒரு நாளைக்குப் பத்து வாய் (பத்துத் தரம்) போடுகிறவர், "எப்பயாவதுதான் புள்ள" என்று முடித்துவிடுவார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்ற கேள்வியும் உதவாது. நேற்றைய நாளை அவரோடு சேர்ந்து நடந்து போங்கள். காலமை எழும்பியதும் போட்டீர்களா, தேத்தண்ணிக்குப் பிறகு, வயலில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, படுக்கும்போது? அப்புறம் ஒவ்வொன்றிலும் என்ன இருந்தது: பாக்கு பச்சையா காய்ந்ததா, சுண்ணாம்பு உண்டா, புகையிலை உண்டா. எவ்வளவு நேரம் வாயில் வைத்திருப்பார், எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்பதையும் விடாதீர்கள். அடக்குகிற பக்கத்தில்தான் புண் வரும் வாய்ப்பு அதிகம். அடக்கியபடியே தூங்குகிறவர்களும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். கடைச் செலவை வைத்துச் சரிபார்க்க நினைத்தால் கவனம், வட்டாவில் இருப்பதில் பாதி வந்து போகிறவர்களுக்கு.

நேற்று என்பது எப்போதும் வழக்கமான நாளாக இருக்காது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் எண்ணிக்கை கூடும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ முஸ்லிம் வீடுகளுக்கு நோன்பு மாதத்தில் போனால் பகல் கணக்கே இருக்காது. இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

எப்போது தொடங்கினார் என்பதுதான் கஷ்டமான இடம். "எத்தனை வயதில?" என்றால், "சின்னதிலேயே" என்பார்கள். எங்கள் மாவட்டத்துக்கு என்று ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதை எடுங்கள். 1957 வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, 2004 சுனாமி. "சூறாவளி அடிக்கும்போது போட்டுக்கொண்டு இருந்தீங்களா? மூத்த பிள்ளை பிறந்திட்டுதா?" என்று கேட்டால், ஆண்டே தெரியாது என்றவர் மாதத்தோடு சொல்வார். சூறாவளியோடு தொடங்கி சுனாமியோடு நிறுத்திய ஒருவர் தினம் ஆறு வாய் போட்டிருந்தால், 26 ஆண்டு, ஆறால் பெருக்கி 156. அளவையும் காலத்தையும் சேர்த்துக் காட்டும் எண் இது. இடையில் விட்ட காலத்தைக் கழிக்க மறக்காதீர்கள். போரில் படுகொலைகள் நடந்த 1990ஐ மட்டும் நான் காலக் குறியாகப் பயன்படுத்துவதில்லை. அவர்களாகச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள், படிவம் காத்திருக்கும்.

சாராயம், கள்ளு பற்றிய கேள்விகளை மனைவி, பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். வெத்திலையோடும் புகையிலையோடும் குடியும் சேரும்போது ஆபத்து பல மடங்கு ஏறுகிறது, அதனால் அந்தப் பதில் பொய்யாகப் போகக்கூடாது. "அம்மா அவ்வளவா போடமாட்டா" என்று மகள் பதில் சொல்லத் தொடங்கினால், குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். மகள் உள்ளே போய் வருவதற்குள் உண்மைக் கணக்கு வந்துவிடும்.

நோயாளியையும் நோயில்லாதவரையும் ஒப்பிடும் ஆய்வென்றால் இன்னும் இரண்டு கவலை. ஒன்று, ஒப்பீட்டு ஆட்களைப் பல் கிளினிக் வரிசையில் பிடிக்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் வெத்திலையால் பல் கெட்டு வந்தவர்கள், அவர்களோடு ஒப்பிட்டால் வெத்திலை சாதுவாகத் தெரியும். மற்றது, கேட்கிறவரின் மனச்சாய்வு. நோயாளி என்று தெரிந்தால் நம்மை அறியாமலே துருவிக் கேட்போம். 1950இல் லண்டனில் ஆய்வாளர்கள் டோலும் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயையும் புகைத்தலையும் ஆராய்ந்தபோது இந்தச் சந்தேகத்துக்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய் என்று கருதிப் பேட்டி எடுக்கப்பட்ட சிலருக்கு அந்த நோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர்களுடைய புகைக்கும் கணக்கு நோயில்லாதவர்களுடையதைப் போலவே இருந்தது. கேள்வி கேட்டவர்கள் கணக்கை ஊதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! நம்மிடம் அப்படி ஒரு அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது. எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒரே அளவு பொறுமை, அவ்வளவுதான்.

கணக்கு முடிந்தபின் வாயைப் பாருங்கள். டார்ச் வெளிச்சம் போதும். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நுழையாதபடி இறுகிய வாய். உறைப்புச் சாப்பிட்டால் எரிகிறதா என்றும் கேளுங்கள். இப்படிப் பார்ப்பது வீண்வேலை இல்லை. 2005இல் முடிவு வெளியான திருவனந்தபுரம் ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கமாக உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு இந்தப் பரிசோதனையால் 34 சதவீதம் குறைந்தது. எதையாவது கண்டால் எந்த நாள், எந்த கிளினிக், யாரோடு போவது என்று எழுதிக் கொடுங்கள். அனுப்ப இடம் ஏற்பாடு செய்யாமல் வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். வெத்திலையை விடச் சொல்லும் பேச்சும் இப்போதுதான்.

அன்றன்றே படிவத்தைப் பாருங்கள். "இல்லை" வேறு, "தெரியாது" வேறு, "கேட்கவில்லை" வேறு. மூன்றுக்கும் தனிக் குறியீடு போடுங்கள். சில வாரம் கழித்து, சில வீடுகளுக்கு வேறொருவரை அனுப்பி அதே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லையென்றால் மென்பொருளைத் திறக்க வேண்டாம், கேள்வியைத் திருத்துங்கள்.